வீட்டுக்குள் வைத்த மிளகாய் நாற்று வளராமல் நிற்கிறதா? உரப்பையைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

மாடித்தோட்டம் போடுகிறவர்களில் பலர் நாற்றை மட்டும் வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். மாடியில் வைத்தால் அணில் கிள்ளும், புறா கொத்தும், ஐப்பசி மழை குழித்தட்டையே (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) மிதக்க விட்டுவிடும். ஆகவே தட்டு ஜன்னலோரத்துக்கு வந்துவிடுகிறது. விதை முளைக்கிறது, இரண்டு விதையிலையும் விரிகிறது. அதன்பின் நாள்கணக்கில் அப்படியே நிற்கிறது. அப்போது கை தானாக உரத்தைத் தேடிப் போகும். நாற்றுகள் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வளராமல் நிற்கும் சின்ன நாற்றுக்குச் சத்துக் குறைவு இருப்பது அபூர்வம். வெளிச்சம், தண்ணீர், மண் கலவை ஆகிய மூன்றையும் பார்த்து முடித்த பிறகே உரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அதற்கும் முன்பு ஒரு கேள்வி: நாற்று உண்மையிலேயே மெதுவாகத்தான் வளர்கிறதா? தக்காளி ஒரு வாரத்துக்குள் முளைத்து, 25 நாளில் நடவுக்குத் தயாராகிவிடும். மிளகாய் முளைக்கவே 8 முதல் 12 நாள் எடுக்கும், நடவுக்கு 35 முதல் 40 நாள் ஆகும். கத்தரி இரண்டுக்கும் நடுவில். ஒரே தட்டில் மூன்றையும் விதைத்துவிட்டுத் தக்காளியோடு மிளகாயை ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. விதையிலை விரிந்த பிறகு கொஞ்ச நாள் மிளகாய் வேரைத்தான் கட்டுகிறது. மேலே மாற்றம் தெரியாது. தட்டைத் தூக்கி அடித்துளை வழியாகப் பாருங்கள். வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்த்தால் நாற்று நன்றாக இருக்கிறது, எதையும் செய்யாதீர்கள்.

வேரும் தெரியவில்லை, புது இலையும் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளிச்சத்தை. இதில் நம் கண்ணை நம்பவே கூடாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்கும். டியூப்லைட் எரியும் அறையில் 200, 300 லக்ஸ்தான். இரண்டும் நமக்கு ‘நல்ல வெளிச்சம்’ போலவே தோன்றும், ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. செடிக்கு அந்த வசதி கிடையாது. ஜன்னலிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி வைத்தாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். போனில் லக்ஸ் அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, நாற்றின் உச்சியில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இராவிட்டாலும் 800-க்கும் 10,000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். மிளகாய் நாற்றுக்கு 10,000 லக்ஸுக்குக் குறையாமல் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் கிடைத்தால் நன்றாக வளரும்.

வெளிச்சம் போதாத நாற்று முதலில் மெலிந்து உயரமாகி, ஜன்னல் பக்கம் சாயும். பலர் இதைப் பார்த்து ‘வேகமாக வளர்கிறது’ என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். தண்டு நீண்டபின் நிஜ இலை (விதையிலைக்குப் பின் வரும் இலை) விட அதற்குச் சக்தி இருக்காது, நின்றுவிடும். தீர்வு விலை உயர்ந்ததல்ல. ஊதா நிறத்தில் விற்கும் செடி விளக்குகள் கட்டாயமில்லை. சாதாரண 20 வாட் வெள்ளை எல்இடி டியூப் இரண்டை அருகருகே, நாற்றுக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டினாலே போதும். செடி உயர உயர விளக்கையும் உயர்த்த வேண்டும். இலை வெளிறி, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் மிகவும் நெருங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்தது தண்ணீர். தினமும் காலையில் ஊற்றுவது மாடியில் காய்க்கும் செடிக்குச் சரி. வீட்டுக்குள் வெயிலும் காற்றும் இல்லாத இடத்தில் அதே பழக்கம் வேரை மூச்சடைக்க வைத்துவிடும். விதையிலை மஞ்சளாவது, கலவையின் மேல் பச்சைப் பாசி படர்வது, தட்டைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறப்பது எல்லாமே ஈரம் அதிகம் என்பதற்கு அடையாளம். அந்த ஈயின் புழுக்கள் இளம் வேரையும் தின்னும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பாகி நூலாக மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். அந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, உடனே பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். விதைக்கும் முன்பே சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளை விதையோடு புரட்டியிருந்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். எப்போது தண்ணீர் விடலாம் என்பதை மேல்மண்ணின் நிறம் சொல்லாது. தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் மட்டும் விடுங்கள். தண்ணீர் உள்ள தட்டத்தில் கால் மணி நேரம் உட்கார வைத்து எடுத்து வடியவிடுவது மேலிருந்து ஊற்றுவதைவிட நல்லது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் நாற்றுக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. சிக்கன எண்ணம் பாராட்டத்தக்கது, ஆனால் குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. தரை துடைக்கவோ கழிவறைக்கோ பயன்படுத்துங்கள். நாற்றுக்கு மழைநீர், அது இல்லையென்றால் உப்பு குறைந்த குடிநீர்.

உப்பு வரும் இன்னொரு வழி கோகோபீட். கழுவாத தேங்காய் நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி மூன்று முறையாவது கழுவ வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் கடைசியாகப் பிழிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்தால் போதும். கழுவினாலும் மக்காத நாரில் வேறொரு சிக்கல் உண்டு. அதில் தழைச்சத்தைவிடக் கரிமம் 100 மடங்குக்கு மேல் இருக்கிறது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் கிடைக்கிற தழைச்சத்தையெல்லாம் எடுத்துக்கொள்ள, நாற்று வெளிறிப்போய் நிற்கும். எனவே மக்கிய நார்க்கழிவாகப் பார்த்து வாங்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் சேருங்கள். வெறும் தோட்டத்து மண் குழித்தட்டில் இறுகிவிடும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம்.

விரல் நீள நாற்றை நேரே பெரிய குரோபேக்கில் வைப்பதும் இதே வகைத் தவறு. அத்தனை கலவையின் ஈரத்தையும் அந்தச் சின்ன வேரால் இழுக்க முடியாது.

ஏசி அறையில் தட்டை வைத்திருக்கிறீர்களா? மிளகாய்க்குப் பிடித்தது 25 முதல் 30 டிகிரி. இரவெல்லாம் 22 டிகிரியில், அதுவும் ஏசி காற்று நேரே படும் இடத்தில் இருந்தால் சாகாது, ஆனால் நகராது. இடத்தை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவும் சரியாக இருந்து, இரண்டு நிஜ இலைகளும் விரிந்த பிறகு உரம் கொடுக்கலாம். அதுவரை விதையில் இருந்த சேமிப்பும் மண்புழு உரமும் போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் என்றால் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை. பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 10 மில்லி. வளர்ந்த செடிக்குச் சொல்லும் 30 மில்லி அளவு நாற்றுக்கு வேண்டாம். இலை நுனி கருகினால் நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரை நன்றாக ஊற்றி உப்பை வடியவிடுங்கள்.

ஒரே நாளில் விளக்கையும் மாற்றி, கலவையையும் மாற்றி, உரமும் தெளித்துவிடாதீர்கள். எது பலித்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி ஒரு வாரம் பொறுங்கள். பழைய இலை மறுபடி பச்சையாகிறதா என்று பார்க்க வேண்டாம், புதிதாக வரும் இலையைப் பாருங்கள். அது நல்ல நிறத்தில், முந்தையதைவிடப் பெரிதாக வந்தால் நாற்று தேறிவிட்டது. முளைத்து ஐந்து வாரமாகியும் இரண்டு இலையோடு நிற்பதைத் தடவிக்கொண்டிருப்பதைவிட, புது விதை போடுவது நல்லது. அதே தட்டைக் கழுவிக் காயவைத்து விதைத்தால், குறைகள் திருத்தப்பட்ட இடத்தில் அடுத்த தொகுதி ஆறு வாரத்தில் நடவுக்கு வந்துவிடும்.