மின்னூல் வாங்க முதல் பூட்டைப் பாருங்கள்

2009 இல் வன்னியை விட்டு வெளிக்கிட்டபோது அலுமாரியோடு புத்தகங்களை விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். அதனால் “இனி எல்லாம் போனிலேயே இருக்கட்டும்” என்று ஒருவர் சொன்னால் அது நியாயம்தான். ஆனால் போனில் இருப்பதெல்லாம் உங்களுடையது என்று நம்பிவிடாதீர்கள்.

காசு கட்டி வாங்கும் மின்னூல்களில் பலவற்றுக்கு நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டிருப்பார்கள், டிஆர்எம் என்பது அதுதான். புத்தகம் உங்கள் கையில், சாவி கம்பனியிடம். 2009 யூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், ஜோர்ஜ் ஓர்வெலின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டில் என்ற வாசிப்புக் கருவியில் இருந்தே அமேசன் அழித்தது. 2019 இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்களும் சேர்ந்தே போயின. இரண்டு தடவையும் காசு திரும்பி வந்தது, சரி, புத்தகம்?

ஆகவே வாங்க முதல் ‘டிஆர்எம் இல்லை’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள், ஒன்றும் எழுதவில்லை என்றால் பூட்டு இருக்கிறது என்றே எடுங்கள். வாங்கியதைச் சோதிக்க, கோப்பை பென் ட்ரைவில் போட்டு வீட்டிலுள்ள வேறொரு போனில், டேட்டாவை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். கணக்கைக் கேட்டு அடம்பிடித்தால் அது இரவல் புத்தகம்தான்.

பூட்டில்லாதவை வேண்டுமென்றால் முதலில் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்துக்குப் போங்கள். 2005 இல் தொடங்கியது, ஈழத்து நூல்கள், பழைய சஞ்சிகைகள், நினைவு மலர்கள் எல்லாம் இலவசமாகக் கிடக்கின்றன. பழந்தமிழ் நூல்களுக்கு 1998 இல் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்ற இணையத்தளம். ஸ்கேன் கோப்புகள் டேட்டாவைத் தின்னும், வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் சொந்தக்காரரிடமும் வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் சனசமூக நிலையத்துக்கும் அச்சுப் புத்தகமே வாங்குங்கள். மல்லாவியில் ஒருவர் வாசித்ததைத் துணுக்காயில் இன்னொருவர் வாங்கிப்போக யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கறையான்தான் எங்கள் ஊர்ப் பிரச்சினை: ராக்கையைச் சுவரில் ஒட்டாமல் வையுங்கள், அடித்தட்டை வெறுமையாக விடுங்கள், மாரி முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி நிழலில் காற்றாட வையுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் தப்பிவந்த ஒரு கல்வெட்டோ (இறந்தவரின் 31 ஆம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகம்) கோயில் மலரோ இருந்தால் அதை இந்தக் கிழமையே படமெடுங்கள். பகலில், வாசல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், அட்டையையும் விடாமல் பக்கம் பக்கமாக எடுத்து, பக்க இலக்கம் விடுபட்டிருக்கிறதா என்று ஒருதரம் சரிபார்த்த பிறகே புத்தகத்தை மூடுங்கள்.