ஸ்விட்ச்சில் மல்ட்டிகாஸ்ட் ரூட்டிங்: அமைக்கும்போதும் தடம் பிடிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் கிடங்குகளில் ஒரே கேமராவின் காட்சியை வாயிற்காவலரும், கட்டுப்பாட்டு அறையும், பதிவுக் கருவியும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பக் கேமராவுக்குத் திராணி போதாது என்பதால் கேமரா ஒரே பிரதி அனுப்ப, கேட்டவர்களுக்கு மட்டும் வலையமைப்பே அதைப் பிரித்துத் தரும் மல்ட்டிகாஸ்ட் முறையை அமைக்கிறார்கள். அமைத்த பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேர்தான் உண்டு. ஒருவருக்கு மட்டும் அனுப்பும் யூனிகாஸ்டில் பாக்கெட் (தரவுத் துண்டு) எங்கே போகிறது என்பதைக் கொண்டு பாதை முடிவாகிறது. மல்ட்டிகாஸ்டிலோ, பார்ப்பவர் கேட்ட பிறகுதான், அவரிடமிருந்து கேமராவை நோக்கிப் பின்னோக்கிப் பாதை கட்டப்படுகிறது. இந்தத் திசை மாற்றத்தை மனத்தில் வாங்காமல் கட்டளைகளை மட்டும் தட்டினால், கீழே சொல்லப்படும் தவறுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

முதலாவதும் மிகப் பரவலானதும் குவெரியர் (யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் கருவி) இல்லாமல் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (சேர்க்கைச் செய்திகளை ஒட்டுக்கேட்டு, வேண்டிய போர்ட்டுக்கு மட்டும் காட்சியை அனுப்பும் ஸ்விட்ச் வசதி) ஓடவிடுவது. இதன் அறிகுறி தெளிவானது: காட்சி ஒழுங்காக வரும், நாலு நிமிடம் சொச்சத்தில் உறைந்துவிடும், மென்பொருளை மூடித் திறந்தால் மறுபடியும் வரும், மறுபடியும் உறையும். பார்க்கும் கணினி தொடக்கத்தில் அனுப்பும் சேர்க்கைச் செய்தியைக் கேட்டு ஸ்விட்ச் அந்தப் போர்ட்டைக் குறித்துக்கொள்கிறது. பிறகு 125 நொடிக்கு ஒருமுறை ‘இன்னும் யாருக்கு வேண்டும்’ என்று கேட்க ஒரு கருவி இருந்தால்தான் கணினி மீண்டும் பதில் சொல்லும். கேட்க ஆளில்லாவிட்டால், வழக்கமான கணக்கில் 260 நொடிகளில் அந்தக் குறிப்பு காலாவதியாகி ஓடை நின்றுவிடும். இதை அறியாமல் கேமராவையும் கேபிளையும் மாற்றிப் பார்த்துச் செலவழிப்பவர்கள் ஏராளம். அந்த விலேனின் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு) இடைமுகத்தில் பிம் (ரூட்டர்கள் மல்ட்டிகாஸ்ட் பாதை கட்டும் நெறிமுறை) இயங்கினால் ரூட்டரே குவெரியராகிவிடும். ரூட்டிங் இல்லாத விலேன் என்றால், ஒரு ஸ்விட்ச்சில் ஸ்னூப்பிங் குவெரியரை இயக்கி, அதற்கு அந்த விலேனிலேயே ஒரு முறையான ஐபி முகவரி கொடுக்க வேண்டும்.

சிலர் இதற்கு மருந்தாக ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடுகிறார்கள். காட்சி வரும் என்பது உண்மைதான். ஆனால் தலா 4 மெகாபிட் வீதம் 40 கேமராக்கள் என்றால் 160 மெகாபிட் போக்குவரத்து அந்த விலேனின் எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டும்; 100 மெகாபிட் போர்ட்டில் தொங்கும் கேமராவும் எடைமேடைக் கணினியும் அதில் மூச்சுத் திணறும்.

குழு முகவரியை (ஓர் ஓடையைப் பார்ப்பவர்கள் சேரும் மல்ட்டிகாஸ்ட் முகவரி) கைக்கு வந்தபடி எடுப்பது அடுத்த தவறு. நிறுவனத்துக்குள் பயன்படுத்த 239-இல் தொடங்கும் முகவரிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றிலும் எல்லாம் பாதுகாப்பானவை அல்ல. குழு முகவரியின் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே மேக் முகவரிக்குள் (ஸ்விட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரி) போவதால், 32 குழுக்கள் ஒரே மேக் முகவரியைப் பகிர்கின்றன. 239.128.0.5 என்று வைத்தால் அது ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் நெறிமுறை பயன்படுத்தும் 224.0.0.5-இன் மேக் முகவரியோடு ஒன்றிவிடும். 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ஸ்விட்ச்சுகள் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பியே ஆக வேண்டும் என்பதால், மேக் முகவரியை வைத்து அனுப்பும் ஸ்விட்ச்சில் உங்கள் கேமராக் காட்சியும் அதோடு சேர்ந்து பரவும். 239.10.20.1 போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை.

அனுப்பும் கருவியில் டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரூட்டர்களைக் கடக்கலாம் என்ற வரம்பு) மதிப்பு 1 என்று இருந்தால் முதல் ரூட்டரிலேயே பாக்கெட் செத்துவிடும். ஒரே விலேனில் தெரியும் காட்சி அடுத்த விலேனில் தெரியவில்லை என்றால், ரூட்டர் அமைப்பைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கேட்டவர்களுக்கு மட்டும் பாதை கட்டும் பிம் ஸ்பார்ஸ் முறையில் அமைப்பவர்கள் பார்ப்பவர் பக்கத்து விலேனில் பிம் இயக்கிவிட்டுக் கேமரா பக்கத்து விலேனில் மறந்துவிடுகிறார்கள். பார்ப்பவரின் கோரிக்கையும் கேமராவின் ஓடையும் சந்திக்கும் புள்ளியான ஆர்பியின் முகவரியை லூப்பேக்கில் (ரூட்டருக்குள் உள்ள மெய்நிகர் இடைமுகம்) வைத்துவிட்டு, அந்த லூப்பேக்கில் பிம் இயக்காமல் விடுவதும் உண்டு. ஆர்பி முகவரி எல்லா ரூட்டர்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கருவியில் ஓர் எண் பிசகினாலும் அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்கு மட்டும் காட்சி வராது.

அதிகம் குழப்புவது ஆர்பிஎஃப் சோதனை. வந்த பாக்கெட் எந்த இடைமுகத்தில் நுழைந்ததோ, கேமராவுக்குத் திரும்பிப் போகும் யூனிகாஸ்ட் வழியும் அதுவாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் ரூட்டர் அதை வீசிவிடும். மணலிக் கிடங்கிலிருந்து ராயபுரம் அலுவலகத்துக்கு ஃபைபர் ஒன்றும் மாற்று ஏற்பாடாக ரேடியோ இணைப்பு ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரூட்டிங் அட்டவணை ஃபைபரைக் காட்டுகிறது, பிம் ரேடியோ பக்கம் மட்டும் இயங்குகிறது என்றால், கேமராவுக்குப் பிங் (கருவி எட்டுகிறதா என்ற சோதனை) அருமையாகப் போகும், காட்சி மட்டும் வராது. பிங் போகிறதே என்ற நம்பிக்கைதான் இங்கே ஆளை ஏமாற்றுகிறது. நிலையான வழியின் அடுத்த முனையாக எச்எஸ்ஆர்பி (இரு ரூட்டர்கள் ஒரே முகவரியைப் பகிரும் முறை) மெய்நிகர் முகவரியைக் கொடுத்தாலும் இதே கதிதான், ஏனெனில் அந்த முகவரியில் பொதுவாகப் பிம் அண்டைக் கருவி எதுவும் இருக்காது. பிம்மை இரு இணைப்புகளிலும் இயக்குவதே நேர்வழி. ரேடியோ பக்கம் காட்டும் நிலையான எம்ரூட் (ஆர்பிஎஃப் சோதனைக்காகக் கையால் எழுதும் வழி) எழுதி ஒட்டுப்போட்டால், ரேடியோ இணைப்பு விழும் நாளில் அதுவே புதிய தடையாகும்.

தடம் பிடிக்கும்போது கேமரா பக்கத்திலிருந்து தொடங்குவது பொழுதை வீணாக்கும். பாதை பார்ப்பவரிடமிருந்து கட்டப்படுவதால் தேடலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். சிஸ்கோ கருவிகளில், பார்ப்பவருக்கு மிக அருகிலுள்ள ரூட்டரில் ‘ஷோ ஐபி ஐஜிஎம்பி குரூப்ஸ்’ கொடுத்துக் குழு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லை என்றால் கோளாறு அந்த ரூட்டருக்கும் பார்ப்பவருக்கும் இடையில்தான். மேலே போகவே வேண்டாம். பதிவிருந்தால் ‘ஷோ ஐபி எம்ரூட்’ கொடுத்து, உள்வரும் இடைமுகம், ஆர்பிஎஃப் அண்டை, வெளியேறும் பட்டியல் மூன்றையும் படித்து, அந்த அண்டைக் கருவிக்கு ஏறி அதையே செய்யுங்கள். ஆர்பிஎஃப் அண்டை 0.0.0.0 என்று கண்டதும் பதற வேண்டாம்: கேமரா நேரடியாக இணைந்த ரூட்டரில் அதன் பதிவுக்கும், ஆர்பியில் நட்சத்திரக் குறியிட்ட பொதுப் பதிவுக்கும் அது இயல்பே. வேறெங்கும் கண்டால் அங்கே நில்லுங்கள். அந்த இடத்தில் ‘ஷோ ஐபி ஆர்பிஎஃப்’ என்று கேமராவின் முகவரியோடு கேட்டால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பதிவுகள் சரியாக இருந்தும் காட்சி இல்லையென்றால் ‘ஷோ ஐபி எம்ரூட் கவுன்ட்’ கட்டளையைச் சிறிது இடைவெளி விட்டு இருமுறை கொடுத்து, எண்ணிக்கை ஏறுகிறதா, ஆர்பிஎஃப் தோல்விகள் கூடுகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒரே ஒரு முறை பார்த்த எண்ணை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. வன்பொருள் கணக்கு அங்கே வந்து சேரச் சற்று நேரமாகும். ஓடும் ஸ்விட்ச்சில் பாக்கெட் டிபக் (கடக்கும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் கட்டளை) போடுவதையும் தவிர்க்க வேண்டும். வன்பொருளில் கடக்கும் பாக்கெட்டுகள் அதில் தெரியவே தெரியாது. தெரியவைப்பதற்காக அவற்றைப் பிராசசருக்குத் திருப்பினால் காட்சியோடு சேர்ந்து ஸ்விட்ச்சும் படுத்துவிடும்.