வர்ஜீனியா 2006: ‘ஒரு வார்த்தையில் கவிழ்ந்த செனட்டர்’ கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2006 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் செனட்டர் ஜார்ஜ் ஆலன் தோற்றார். குடியரசுக் கட்சிக்காரர், முன்னாள் கவர்னர், 2008 ஜனாதிபதித் தேர்தலுக்கு அடிபட்ட பெயர். இந்தக் கதையை யார் எடுத்தாலும், ‘மக்காக்கா என்ற ஒரு வார்த்தை ஆளைக் கவிழ்த்துவிட்டது’ என்று முடித்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

ஆலனை வென்ற ஜனநாயகக் கட்சியின் ஜிம் வெப்புக்குக் கிடைத்த வித்தியாசம் 9,329 ஓட்டு. பதிவானது சுமார் 23.7 லட்சம். இவ்வளவு சிறிய இடைவெளியில் எதை வேண்டுமானாலும் காரணமாகக் காட்டலாம். அந்த வருடம் ஈராக் போர் மேல் மக்களுக்குக் கடும் வெறுப்பு. வெப்போ ரீகன் ஆட்சியில் கடற்படைச் செயலராக இருந்தவர். ஈராக்கில் பணியாற்றிய மகனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போரை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். அவரைக் கோழை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் கணக்கில் அந்த பூட்ஸுக்கும் கணிசமான பங்கு உண்டு.

அடுத்த தவறு, அந்த வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு அதற்கடுத்த வாக்கியத்தை விட்டுவிடுவது. ஆகஸ்ட் 11, கென்டக்கி எல்லையோரம் பிரேக்ஸ் என்ற ஊரில் ஒரு கூட்டம். வெப் தரப்பில் கேமராவோடு பின்தொடர்ந்து வந்த எஸ்.ஆர். சித்தார்த் என்ற இந்திய வம்சாவளிக் கல்லூரி மாணவரை நோக்கிக் கை நீட்டி, ‘மஞ்சள் சட்டை போட்ட இந்த ஆள், மக்காக்காவோ என்னவோ பெயர்’ என்றார் ஆலன். மக்காக்கா என்பது குரங்கு இனத்தின் பெயர். சில இடங்களில் நிறத்தை இழிவுபடுத்தும் வசையும்கூட. சரி, அர்த்தம் தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் சொன்னாரே, ‘அமெரிக்காவுக்கு நல்வரவு’ என்று? அதை எப்படி மழுப்புவது? சித்தார்த் பிறந்து வளர்ந்தது வர்ஜீனியாவில். ஆலன் பிறந்ததோ கலிபோர்னியாவில்! பேசியதெல்லாம் அந்தப் பையனின் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. யூடியூப் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத காலம். பேச்சு அங்கே ஏறியதும் நாடே பார்த்தது. ஆலன் தரப்பு விளக்கத்தை மாற்றி மாற்றிச் சொன்னது அதைவிட மோசம். அந்த மாணவரிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்கவே பன்னிரண்டு நாள் பிடித்தது.

மூன்றாவதாக நின்ற கெயில் பார்க்கருக்கு 26,000-க்கு மேல் ஓட்டு. ‘அவர் ஓட்டைப் பிரிக்காவிட்டால் ஆலன் ஜெயித்திருப்பார்’ என்று கணக்குப் போடாதீர்கள். அந்த ஓட்டு யார் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல வழியில்லை.

‘வர்ஜீனியா அன்றே கட்சி மாறிவிட்டது’ என்பதும் அவசரம். அதே நாள், அதே வாக்காளர்கள், ஒருபால் திருமணத்தைத் தடுக்கும், குடியரசுக் கட்சியின் போக்கோடு ஒத்துப்போகும் அரசியல் சட்டத் திருத்தத்தைச் சுமார் 57 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினார்கள்.

கடைசியாக, ‘ஆலன் மறு எண்ணிக்கை கேட்டுத் தோற்றார்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்கும் உரிமை இருந்தும் அவர் கேட்கவில்லை. நவம்பர் 9 அன்றே தோல்வியை ஒப்புக்கொண்டார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் 51–49 என்று ஜனநாயகக் கட்சிப் பக்கம் போனது அன்றுதான் உறுதியானது. 2000-ல் சார்லஸ் ராப் என்ற பதவியிலிருந்த செனட்டரைத் தோற்கடித்துத்தான் ஆலன் அந்த நாற்காலிக்கே வந்திருந்தார். 2012-ல் மறுபடி அதற்கே நின்று, டிம் கெய்னிடம் தோற்றார்.