லெவல் டெஸ்ட் எழுதப் போகிறவர்களுக்கு: கேட்டல் மதிப்பெண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்

வெளிநாட்டுக்கு வந்து இறங்கியதும் ஆங்கில வகுப்பில் சேரச் சொல்வார்கள். சேர்வதற்கு முன், எந்த நிலை வகுப்பு பொருந்தும் என்று பார்க்க ஒரு லெவல் டெஸ்ட் வைப்பார்கள். வந்த இரண்டாவது வாரத்தில் நான் அதை எழுதினேன், நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த நல்ல மதிப்பெண்ணால்தான் எனக்கு நான்கு மாதம் வீணானது. புதிதாக வரும் யாருக்கும் இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நடைமுறையில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட் கொண்டுபோக வேண்டும், சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய் உட்கார வேண்டும். முடிவை ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (உச்ச நிலை) வரை ஆறு நிலைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். ‘கவுன்சில் ஆஃப் யூரோப்’ என்ற ஐரோப்பிய அமைப்பு 2001-இல் வெளியிட்ட அளவுகோல் இது. இப்போது ஐரோப்பாவுக்கு வெளியிலும் பல இடங்களில் பயன்படுகிறது. இதில் இன்டர்மீடியட் என்பது பி1, பி2 ஆகிய இரண்டும். பழகிய விஷயத்தை மற்றவர் தெளிவாகப் பேசினால் முக்கியமானது புரியும் என்றால் பி1. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரோடு இரண்டு பக்கமும் சிரமமில்லாமல் பேச முடியும் என்றால் பி2. சொல்வளம், இலக்கணம், எழுத்து, கேட்டல் என்று நான்கு பகுதிகளில் கேள்வி வரும். சரி, இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் எழுதிய டெஸ்டில் இலக்கணமும் சொல்வளமும் சேர்ந்து 60 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. கேட்டலுக்கு 10 கேள்விகள். கடைசியில் ஒரு சின்ன கடிதம். அந்த 60 கேள்விகளைப் பார்த்ததும் எனக்குப் பழைய நண்பர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. கோடிட்ட இடத்தை நிரப்பி, செயப்பாட்டு வினையாக மாற்றி, பிரெபொசிஷன் போட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? தெரியாத கேள்வியில்கூடப் பொருந்தாத இரண்டை நீக்கிவிட்டு மிச்சத்தில் ஒன்றைக் குறிக்கும் வித்தை கைவந்தது. 53 சரி. கேட்டலில் 10க்கு 4. அந்த நான்கிலும் எனக்கு உண்மையில் புரிந்து குறித்தது ஒன்றோ இரண்டோதான். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள் இருந்தன. ஒன்றுமே கேட்காமல் குறித்திருந்தாலும் சராசரியாக மூன்று சரியாகியிருக்கும்.

இரண்டையும் கூட்டினார்கள். 70க்கு 57. பி2 என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன்.

வகுப்பின் முதல் நாளே ஆசிரியர் பேசியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த பெண் வேறு நாட்டுக்காரர். அவர் எழுதும் வாக்கியத்தில் வினைச்சொல் சரியாக இருக்காது, ஆனால் ஆசிரியர் கேட்கும் எதற்கும் உடனே பதில் சொல்லிவிடுவார். நான் கேள்வியே புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆடியோ போட்டால் மற்றவர்கள் எழுதத் தொடங்கும்போதுதான் ஏதோ முக்கியமானது போய்விட்டது என்றே தெரியும். முதல் வாரத்துக்குள் சொல்லியிருந்தால் கீழ் நிலைக்கு மாற்றியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. பி2 என்று வீட்டில் சொல்லிவிட்ட பிறகு எப்படி இறங்குவது என்ற எண்ணம்தான் காரணம். பன்னிரண்டு வாரம் முடிந்து கடைசித் தேர்வில் கேட்டலில் தேறவில்லை. கட்டிய பணம் திரும்பி வராது. அடுத்த பி1 வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதம் காத்திருந்தேன்.

அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. 10க்கு 4 என்று தாளில் தெளிவாக எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் பி2 என்று எழுத எப்படி மனம் வந்தது? அந்த ஐரோப்பிய அளவுகோலே கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விவரம் கொடுக்கிறது. ஒருவர் வாசிப்பில் பி2 ஆகவும் கேட்டலில் ஏ2 ஆகவும் இருக்கலாம். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான். கூட்டிச் சராசரி எடுத்தால் அது மறைந்துபோகும்.

ஆகவே லெவல் டெஸ்டை மதிப்பெண் வாங்கும் தேர்வாக நினைக்காதீர்கள். இது செருப்புக்கு அளவு எடுப்பது போன்றது. தெரியாத கேள்வியை ஊகித்துக் குறிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். கணினியில் எழுதும் டெஸ்டாக இருந்து, விடை குறிக்காமல் அடுத்த கேள்விக்குப் போக விடவில்லை என்றால் ‘தெரியாது’ என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். சில கணினி டெஸ்டுகள் நீங்கள் சரியாகச் செய்யச் செய்ய அடுத்த கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போகும். ஊகம் பலித்தால் அதுவும் உங்களைத் தவறாக மேலே தூக்கிவிடும். (விசாவுக்கோ கல்லூரிக்கோ எழுதும் தேர்வு வேறு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வில் ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.)

எழுத்துப் பகுதியிலும் இதே கதைதான். மனப்பாடம் செய்த கடிதத்தை இறக்கி வைக்காதீர்கள். நண்பருக்கு எழுதச் சொன்னால் லீவ் லெட்டர் பாணியில் ‘வித் டியூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்குகிறோம். திருத்துபவர் முதலில் பார்ப்பதே யாருக்கு எழுதுகிறோம், கேட்ட விஷயங்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்பதைத்தான். அளவும் முக்கியம். கேம்பிரிட்ஜ் நடத்தும் பி1 ப்ரிலிமினரி தேர்வில் 45 நிமிடத்தில் சுமார் 100 சொற்களில் இரண்டு எழுத வேண்டும். பி2 ஃபர்ஸ்டில் 80 நிமிடத்தில் 140 முதல் 190 சொற்களில் இரண்டு. விசாவுக்கும் கல்லூரிக்கும் பலர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது 150 சொல்லில் ஒன்று, 250 சொல்லில் ஒன்று. இரண்டாவதற்கு மதிப்பு இரட்டிப்பு.

இலக்கணம் நமக்கு வரும் என்று சொன்னேன், ஆனால் சொந்தமாக எழுதும்போது தமிழ் உள்ளே புகுந்துவிடும். ‘போன வருடம் போயிருக்கிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் இயர்’ வந்துவிட்டால் ‘ஐ ஹேவ் கான்’ வராது, ‘ஐ வென்ட்’ தான். ‘இரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதாத நம்மவர் குறைவு; ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’ என்று எழுத வேண்டும். சொல்வளத்தில் தனிச்சொல்லைவிட எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதைத்தான் சோதிப்பார்கள். நமக்கு மழையும் பலத்தது, காற்றும் பலத்தது. அவர்களுக்கு மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திப்போடுவது, ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து செய்வது. இதெல்லாம் படித்துச் சரிசெய்துகொள்ளக் கூடியவை, அவ்வளவு கவலை வேண்டாம்.

கேட்டல் அப்படி இல்லை. ஏன் புரியவில்லை என்று பி1 வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எழுத்துத் தமிழை மட்டும் புத்தகத்தில் படித்த ஒரு வெளிநாட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ அவருக்கு நன்றாகத் தெரியும். நாம் ‘வந்துட்டிருக்கேன்’ என்கிறோம். அவர் விழிப்பார். அகராதியிலும் கிடைக்காது. ஆங்கிலத்தில் நாம்தான் அந்த ஆள். ‘ஷுட் ஹேவ் டன்’ என்று படித்தோம். காதில் விழுவது ‘ஷுடவ்டன்’. ‘கேன்’ என்று அழுத்திப் படித்தோம். வாக்கியத்துக்கு நடுவில் அது ‘கன்’ என்று தேய்ந்துவிடுகிறது. அதனால் ‘கேன்’ என்று அழுத்தமாகக் காதில் விழுந்தால் பல நேரம் அது ‘கான்ட்’, முடியாது என்று பொருள். கடைசி ‘ட்’ சரியாகக் கேட்காது. வேலையிடத்தில் இந்த ஒன்றால் நான் பட்ட பாடு தனி. ஆங்கிலத்தில் கருத்தைச் சுமக்கும் சொல் மட்டும் எழுந்து நிற்கும், மற்றவை விழுங்கப்படும். நாமோ ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கப் பார்க்கிறோம். ஒன்று தவறினால் அங்கேயே நின்றுவிடுகிறோம், அதற்குள் அடுத்த இரண்டு விடைகளும் போய்விடும்.

தேர்வு ஆடியோவில் வேண்டுமென்றே திசைதிருப்புவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் செவ்வாய்க்கிழமை என்பார், மற்றவர் அன்று முடியாது என்பார், கடைசியில் வியாழன் என்று முடிவாகும். மூன்று நாளும் விடைகளில் இருக்கும். முதலில் காதில் விழுந்ததைக் குறித்தால் தவறு. அப்புறம், கேம்பிரிட்ஜின் பி1, பி2 தேர்வுகளில் ஆடியோ இரண்டு முறை ஒலிக்கும். ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒரே முறைதான், அங்கே எழுத்துப்பிழை இருந்தாலும், சொன்ன சொல் எண்ணிக்கையைத் தாண்டினாலும் விடை போய்விடும்.

எனக்குக் கை கொடுத்தது ஒரே பயிற்சி. எழுத்து வடிவம் சேர்ந்து கிடைக்கும் ஒரு நிமிட ஆடியோ. முதலில் பார்க்காமல் கேட்டு, கேட்டதை அப்படியே எழுத வேண்டும். மூன்று நான்கு முறை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறவிட்ட சொற்களைச் சிவப்பில் வட்டமிட வேண்டும். என் சிவப்பு வட்டங்களில் கடினமான சொல் என்று எதுவும் இல்லை. ‘ஆஃப்’, ‘ஹேட்’, ‘தெம்’, ‘டு’ என்று எல்லாம் முதல் வகுப்புச் சொற்கள். தினமும் இருபது நிமிடம், பத்து வாரம். சப்டைட்டில் போட்டுப் படம் பார்ப்பதைப் பயிற்சி என்று சொல்வார்கள். நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், கேட்கவில்லை. பி1 வகுப்பின் முடிவில் கேட்டலில் தேறினேன், பி2-வுக்கு மறுபடி போனேன், இந்த முறை ஆசிரியரின் கேள்வி புரிந்து பதில் சொன்னேன்.

நீங்கள் டெஸ்ட் எழுதிவிட்டு முடிவு வாங்கும்போது நிலையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். ‘குட் ஐ சீ மை ஸ்கோர் ஃபார் ஈச் பார்ட்?’ என்று கேளுங்கள். கேட்டல் மட்டும் தாழ்ந்திருந்தால் எந்த வகுப்பில் அதற்கு அதிக நேரம் ஒதுக்குகிறார்கள், நிலை மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம், பணம் என்ன ஆகும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் அந்த அவசரத்தில் பாதி காதில் விழாது.