கூரையில் கை வைக்கும் முன்: இங்கிலாந்தில் வௌவால் ஆய்வு

எங்கள் வீட்டுப் பரணை அறையாக்கத் தீர்மானித்தபோது வரைபடம், கொத்தனார், வங்கிக் கடன் எல்லாவற்றையும் யோசித்தோம். வௌவாலை யோசிக்கவில்லை. அக்டோபரில் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிடம் திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் போட்டோம். வௌவால் ஆய்வறிக்கை இல்லாமல் பரிசீலிக்க முடியாது என்று பதில் வந்தது. அந்த ஆய்வை முடிக்க அடுத்த ஆண்டு மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் அப்படிக் காத்திருக்காமல் இருக்கவே இந்தப் பதிவு.

முதலில் சட்டம். 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டம், 2017ஆம் ஆண்டின் வாழிடங்கள் ஒழுங்குவிதிகள் இரண்டும் வௌவாலைக் காக்கின்றன. வௌவாலை மட்டுமல்ல, அது தங்கும் இடத்தையும். குளிர்காலத்தில் அது வேறெங்கோ போய்விட்டாலும் உங்கள் மோட்டு ஓட்டின் கீழுள்ள சந்து அதன் வீடுதான். அதைக் கெடுத்தால் வரம்பில்லாத அபராதம் உண்டு, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. 'முதலில் அனுமதி கொடுங்கள், ஆய்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கேட்டாலும் நடக்காது. வௌவால் இருக்கிறதா என்று தெரிந்த பிறகே கவுன்சில் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி.

படி 1: உங்களுக்கு ஆய்வு தேவையா?

கூரையைப் பிரிப்பது, பழைய கட்டடத்தை இடிப்பது, களஞ்சியத்தை வீடாக்குவது என்றால் பெரும்பாலும் தேவைப்படும். பக்கத்தில் மரக்கூட்டமோ நீர்நிலையோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். உங்கள் கவுன்சிலின் விண்ணப்பச் சரிபார்ப்புப் பட்டியலைப் படியுங்கள். திட்ட அனுமதியே தேவைப்படாத சிறிய வேலையானாலும் வௌவால் சட்டம் விலகி நிற்காது. பலர் சறுக்குவது இங்கேதான்.

படி 2: பகல் ஆய்வு

தகுதியுள்ள சூழலியலாளர் ஒருவரை அமர்த்துங்கள். இந்த முதற்கட்ட ஆய்வை ஆண்டின் எந்த மாதத்திலும் செய்யலாம், குளிர்காலத்திலும்கூட. அவர் வருகிறார் என்பதற்காகப் பரணைப் பெருக்கி வைக்காதீர்கள்! விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டும் நம் பழக்கம் இங்கே உதவாது. அவர் தேடி வருவதே அந்தக் குப்பையைத்தான்.

எங்கள் பரணில் அவர் கறுப்பாக நாலைந்து துணுக்குகளை எடுத்துக் காட்டினார். எலிப் புழுக்கை என்றே நினைத்தேன். கையுறை விரல்களுக்கு இடையில் வைத்து நசுக்கினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது, டார்ச் வெளிச்சத்தில் மினுங்கியது. அது வௌவால் எச்சம்; தின்ற பூச்சிகளின் சிறகும் ஓடும் செரிக்காமல் கிடப்பதால் அந்த மினுக்கம். எலிப் புழுக்கை இப்படி உதிராது, காய்ந்து கெட்டியாக இருக்கும்.

ஆய்வு முடிந்ததும், வௌவால் தங்க எவ்வளவு வாய்ப்பு என்று கட்டடத்துக்கு ஒரு தரம் கொடுப்பார்: வாய்ப்பே இல்லை எனலாம், குறைவு, நடுத்தரம், அதிகம். வாய்ப்பில்லை என்று வந்தால் அத்தோடு முடிந்தது.

படி 3: நாட்காட்டி

மற்ற தரங்களுக்கு, வௌவால் வெளியே கிளம்பும் நேரத்தில் காத்திருந்து பார்க்கும் அந்தி ஆய்வு வேண்டும். பொதுவாகக் குறைவு என்றால் ஒரு முறை, நடுத்தரம் என்றால் இரண்டு, அதிகம் என்றால் மூன்று. மே முதல் செப்டம்பர் வரைதான் பருவம். ஒவ்வொரு முறைக்கும் இடையே குறைந்தது மூன்று வாரம் விட வேண்டும், எல்லாவற்றையும் செப்டம்பருக்கு ஒதுக்கவும் முடியாது. ஜூன் வாக்கில் தாய் வௌவால்கள் கூடி, ஆளுக்கு ஒரே ஒரு குட்டி ஈனுகின்றன. தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான காலம் அதுதான். ஆகவே பகல் ஆய்வை ஜனவரியிலோ பிப்ரவரியிலோ முடித்துவிட்டு, அப்போதே மே மாதத்துக்குத் தேதி வாங்கிவிடுங்கள். கோடையில் சூழலியலாளர்களைப் பிடிப்பது முகூர்த்த நாளில் மண்டபம் பிடிப்பது மாதிரி.

படி 4: அந்தி ஆய்வு

சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஆட்கள் வீட்டைச் சுற்றி இடம் பிடித்துவிடுவார்கள். மடக்கு நாற்காலி, அகச்சிவப்புக் கேமரா, வௌவாலின் மீயொலியை நம் காதுக்கு எட்டும் ஒலியாக மாற்றித் தரும் கருவி. கடும் மழையோ பத்து டிகிரிக்குக் கீழே குளிரோ இருந்தால் ஆய்வைத் தள்ளிப்போடுவார்கள். ஜூனில் சூரியன் மறையவே ஒன்பதேகால் ஆகிவிடும். நானும் ஒரு போர்வையுடன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கருவி சொட்டுச் சொட்டென்று ஈரமாகச் சத்தமிட்டது. மோட்டு ஓட்டுக்குக் கீழே, என் கட்டைவிரல் நுழையுமா என்று சந்தேகப்படும் சந்திலிருந்து ஏதோ நழுவி விழுந்தது. விழுந்த வேகத்திலேயே பறந்துவிட்டது. ஐந்து கிராம் எடைகூடத் தேறாத, பிப்பிஸ்ட்ரெல் என்ற குட்டி வௌவால் இனம். சுமார் 45 கிலோஹெர்ட்ஸில் கத்தினால் சாதாரண வகை, 55 என்றால் சோப்ரானோ பிப்பிஸ்ட்ரெல் என்ற அதன் உறவு. அன்று எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியவை இரண்டு.

அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் எழுந்திருக்கவில்லை. நீள்காது வௌவால் நன்றாக இருட்டிய பிறகே வெளியே வரும், அதன் குரலும் கிசுகிசுப்புதான். அதற்காகச் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

படி 5: வௌவால் இருந்தால்?

பதற வேண்டாம். வௌவால் இருப்பதாலேயே அனுமதி மறுக்கப்படுவதில்லை. திட்ட அனுமதி கிடைத்த பிறகு, தங்குமிடத்தைத் தொடும் வேலைக்கு அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்திடம் தனியாக உரிமம் பெற வேண்டும். வேலைக்குத் தக்க காரணம் இருக்கிறதா, வேறு வழி இல்லையா, அந்த இனத்தின் நிலை கெடாதா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். எங்களைப் போல ஒன்றிரண்டு பிப்பிஸ்ட்ரெல் என்றால் எளிய வகை உரிமமே பெரும்பாலும் போதும். தாய்களும் குட்டிகளும் கூடும் இடமென்றால் கதை நீளும்.

மாற்று ஏற்பாடாகச் சுவரில் வௌவால் பெட்டி மாட்டுவது, புதிய கூரையிலும் ஓடுகளுக்கு இடையே சந்து விடுவது போன்றவற்றைக் கேட்பார்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. இப்போது ஓட்டுக்கு அடியில் விரிக்கிற, காற்றுப் புகும் நெய்யாத துணியில் வௌவால் நகம் பட்டால் இழை பிரிந்து வரும். அதில் சிக்கி அவை செத்துப்போகின்றன. பழைய பாணியில் தார் ஏற்றிய ஃபெல்ட் விரிப்பு, அல்லது வௌவாலுக்குத் தீங்கில்லை என்று சோதித்துத் தேறிய துணிதான் விரிக்க வேண்டும். ஓடு வேய்பவரிடம் இதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு வந்தவர் வழக்கமான துணியை ஆறு உருளை வண்டியில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார்.