மாமாவின் மோரிஸ் மைனர் நின்றுபோனது ஏன்?

பினாங்கு ஜெலுத்தோங்கில் மாமா எனக்குக் கொடுத்த 1959 மோரிஸ் மைனர் காரைச் சீர்செய்து வருகிறேன். 948 சிசி இஞ்சின் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் ஓடும்போதே திடீரென நின்றுவிடும்.

"தம்பி, சாவியைத் திருப்பி பம்ப் சத்தத்தைக் கேளு" என்றார் பட்டறை அண்ணன். இந்தக் காரில் இருப்பது எஸ்யூ என்ற மின்சார பெட்ரோல் பம்ப். நல்ல பம்ப் என்றால் டிக் டிக் என்று அடித்து, கார்ப்பரேட்டர் நிரம்பியதும் அடங்கும். இதில் சத்தமே இல்லை. லேசாகத் தட்டியதும் அடித்தது. அப்படியென்றால் உள்ளே பாயிண்ட், அதாவது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனை, கருகியிருக்கிறது. புதுப் பம்ப் வாங்கலாம்தான், ஆனால் பழையதைப் பிழைக்க வைப்பதே எனக்குப் பிடிக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, நைசான உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்தேன். கடல் காற்றில் துருவேறிய எர்த் வயரையும் (காரின் உடலோடு இணைக்கும் வயர்) மாற்றினேன். இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், பேட்டரி மாட்டும்போது கவனம்.

இப்போது பட்டர்வொர்த் வரை நிற்காமல் போகிறது. அடுத்து, தரைத் தகட்டுத் துரு.