துருப்பிடிச்ச இரும்பு சாமானை கரண்ட் வச்சு க்ளீன் பண்றது எப்படி: ஒரு பக்கெட், சலவை சோடா, 12 வோல்ட் அடாப்டர்

மும்பைல இருக்கறவங்களுக்கு துருவைப் பத்தி சொல்லவே வேண்டாம். நாலு மாசம் மழை, மிச்ச நாளெல்லாம் உப்புக்காத்து, கிரில்ல வச்ச இரும்பு எதுவா இருந்தாலும் ஒரே சீசன்ல செவந்துடும். ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்த அருவாமணை, தாத்தா காலத்து ஸ்பானர், சோர் பஜார்ல பேரம் பேசி வாங்கின பெஞ்ச் வைஸ், லாஃப்ட்ல கிடக்கற தோசைக்கல் இதையெல்லாம் பங்கார்வாலாகிட்ட எடைக்குப் போடறதுக்கு முன்னாடி எலக்ட்ரோலிசிஸ், அதாவது சோடாத் தண்ணில முக்கி கரண்ட் விட்டு துருவைக் கழட்டற வேலை, பண்ணிப் பாருங்க.

உப்புத்தாள் போட்டு தேய்ச்சா துருவோட நல்ல இரும்பும் தேயும். ஆசிட்ல ஊறப்போட்டா அது துருவைத் தின்னுட்டு அடுத்து இரும்பையும் தின்ன ஆரம்பிச்சிடும், நேரத்துக்கு எடுக்கணும். இதுல அந்தக் கவலை இல்ல, வயர் சரியா கொடுத்திருந்தா துரு மட்டும் கழண்டு வரும், ராத்திரி முழுக்க விட்டாலும் உள்ள இருக்கற இரும்பு அப்படியே இருக்கும். 1770ல ஆஸ்திரேலியா பக்கம் பவளப்பாறைல தட்டின கேப்டன் குக்கோட எண்டெவர் கப்பல்லேர்ந்து தூக்கிப் போட்ட பீரங்கிகளை 1969ல கடல்லேர்ந்து எடுத்தாங்க, அதுங்களை மீட்டதும் இதே முறைல தான்.

முதல்ல சாமான். மூடி இல்லாத பிளாஸ்டிக் பக்கெட் ஒண்ணு. இரும்பு பக்கெட், அலுமினிய டப் எல்லாம் வேண்டாம். அப்புறம் சலவை சோடா, நம்ம கிராணா கடைல "கப்டா தோனே கா சோடா"ன்னு கேளுங்க, சும்மா சோடான்னு கேட்டா சமையல் சோடாவ நீட்டுவாங்க, அதுல வேலை ரொம்ப மெதுவா நடக்கும். உப்பு மட்டும் போடவே போடாதீங்க, குளோரின் கேஸ் வரும்.

கரண்டுக்கு சிசிடிவி கேமராவுக்கு வர்ற 12 வோல்ட் 2 ஆம்ப் டிசி அடாப்டர் போதும், லேமிங்டன் ரோடு போனா எந்தக் கடையிலயும் கிடைக்கும். பழைய மாடல் கார் பேட்டரி சார்ஜரும் ஓகே, ஆனா இப்போ வர்ற ஸ்மார்ட் சார்ஜர் எதிர்ல பேட்டரி இருக்கான்னு பார்த்துட்டு தான் கரண்ட் விடும், பக்கெட்டைப் பார்த்து ஏமாறாது. அதோட ப்ளஸ் பக்கம் மாட்டறதுக்கு ரெண்டு மூணு துண்டு கட்டடக் கம்பி, ரீடெவலப்மெண்ட் நடக்கற பில்டிங் வாசல்ல கேட்டாலே கொடுப்பாங்க.

கம்பி விஷயத்துல கண்டிப்பா இருங்க. பளபளன்னு இருக்குன்னு எவர்சில்வர் கரண்டி, ஸ்பூன் எதையும் கம்பிக்குப் பதிலா போடாதீங்க. அதுல இருக்கற குரோமியம் கரைஞ்சு தண்ணில இறங்கும், அது கேன்சர் வரவைக்கிற விஷம். ஜிஐ பைப்பும் வேண்டாம், துத்தநாகப் பூச்சு இருக்கு. சாதா இரும்பு மட்டும் தான்.

இப்போ வேலை. சாமான்ல மரக்கைப்பிடி, பலகை இருந்தா கழட்டிடுங்க, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பாத்திர சோப்பு போட்டுக் கழுவுங்க. பித்தளை, அலுமினியம் ஒட்டியிருந்தா அதையும் தனியா எடுத்துடணும், அலுமினியம் சோடாத் தண்ணில அரிச்சுப் போயிடும். 5 லிட்டர் தண்ணிக்கு ஒண்ணு ரெண்டு டேபிள்ஸ்பூன் சோடா போட்டு நல்லா கலக்குங்க, கையில கிளவுஸ் இருக்கட்டும். கம்பிகளை பக்கெட் ஓரமா சுத்தி நிக்க வச்சு, தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கற பாகத்துல எல்லாத்தையும் ஒரே வயரால சேர்த்துக் கட்டுங்க. எந்தப் பக்கம் கம்பியைப் பார்த்து இருக்கோ அந்தப் பக்கம் தான் துரு சீக்கிரம் போகும், அதனால தான் சுத்தி வைக்கச் சொல்றேன். சாமானை நடுவுல தொங்க விடுங்க. ஒரு குச்சியைக் குறுக்க வச்சுக் கட்டினா போதும், கம்பி மேல மட்டும் படக்கூடாது, பட்டா ஷார்ட்.

அடுத்தது தான் முக்கியம். கறுப்பு, அதாவது மைனஸ், துருப்பிடிச்ச சாமானுக்கு. சிவப்பு, ப்ளஸ், கம்பிக்கு. மாத்திக் கொடுத்தா நீங்க காப்பாத்த நினைச்ச சாமான் தான் கரையும், கம்பி சுத்தமாகும். வயர் கலர்ல சந்தேகம் இருந்தா மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. சாமான்ல கிளிப் மாட்டற இடத்துல மட்டும் துருவை சுரண்டி இரும்பு வெள்ளையா தெரியற வரைக்கும் கொண்டு வரணும், துரு வழியா கரண்ட் சரியா போகாது. பாதிப்பேருக்கு "ஒண்ணுமே நடக்கலியே"ன்னு ஆகறது இங்க தான்.

எல்லாம் மாட்டின பிறகு கடைசியா சுவிட்ச் போடுங்க. சாமான்லேர்ந்து பொடிப்பொடியா குமிழி வரணும், கொஞ்ச நேரத்துல மேல காவி நுரை ரசம் பொங்கற மாதிரி திரண்டு நிக்கும். அடாப்டர் விட்டு விட்டு ஆஃப் ஆகுதுன்னா கரண்ட் ஜாஸ்தியா இழுக்குது, கம்பியை இன்னும் தள்ளி வைங்க. இல்லாட்டி வயர்ல வரிசையா 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணைச் சேர்த்துடுங்க, அது கரண்டை ஒரு அளவுக்கு மேல விடாது.

அந்தக் குமிழி ஹைட்ரஜன். அதனால கிச்சன், பாத்ரூம், மூடின ரூம் கூடாது, பால்கனில காத்தோட்டமா வைங்க, பக்கத்துல ஊதுபத்தி, சிகரெட் எதுவும் வேண்டாம். அடாப்டர் பக்கெட்டை விட உயரமா, நனையாம இருக்கணும். கையை விடறதுக்கு முன்னாடி, கிளிப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி, மெயின் சுவிட்ச் ஆஃப். குழந்தைங்க இருக்கற வீடுன்னா அந்தக் கதவை சாத்திடுங்க.

சின்ன ஸ்பானருக்கு சில மணி நேரம், மொத்தமா பொரிஞ்சு போனதுக்கு ஒரு ராத்திரி. நடுவுல கம்பி மேல அழுக்கு அப்பிக்கும், எடுத்து பிரஷ் போட்டுட்டு திரும்ப வைங்க. வெளிய எடுத்தா சாமான் கறுப்பா, சேறு பூசின மாதிரி இருக்கும், அது சரி தான். ஓடற தண்ணில ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்ச்சா சாம்பல் கலர் இரும்பு தெரியும். துரு தின்ன குழி திரும்ப நிரம்பாது, அது அப்படியே தான் இருக்கும். சாமான்ல பழைய பெயிண்ட் இருந்தா அதுவும் உரிஞ்சு வரும், அதுல ஈயம் இருக்கலாம், கிளவுஸ் கழட்டாதீங்க.

இதுக்கப்புறம் நின்னு போன் பேசிட்டு இருக்காதீங்க. ஈரமான வெறும் இரும்பு, நம்ம ஊர் காத்து, சில நிமிஷத்துலயே ஆரஞ்சு படலம் வந்துடும். உடனே துடைச்சு, ஹேர் ட்ரையர்ல சூடு காட்டி, டூல்ஸ்னா மெஷின் ஆயில் தடவுங்க. தோசைக்கல்லுன்னா அடுப்புல வச்சு ஈரம் போனதும் எண்ணெய் தடவி புகைய விடுங்க, ஆறினதும் இன்னொரு தடவை, நாலஞ்சு தரம் பழக்கினா கல் கறுத்து தோசை ஒட்டாம வரும்.

பக்கெட் தண்ணியைக் கொட்ட வேண்டாம், சோடா அப்படியே தான் இருக்கு, குறைஞ்ச அளவுக்கு வெறும் தண்ணி ஊத்தினா அடுத்த சாமானுக்கு ஆகும். கொட்டறதுன்னா டாய்லெட்ல கொட்டுங்க, துளசித் தொட்டில ஊத்திடாதீங்க.